தலைமடைக்கு ஒரு கட்டைவிரல்

சோர்பேத் கிராமம்,
மே 9, சனிக்கிழமை.

ஃபரங்கிஸின் அப்பாவுக்கு ஜுல்ஹுமோரின் சலாம்.

நலமா, முதுகு வலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்கிற வரிகளையெல்லாம் இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன். அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நலம் விசாரித்தால் அது பொய்யாகப் போகும்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். குரல் பதிவு அனுப்பினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். உங்கள் அறையில் இருக்கும் பத்துப் பேரும் தேநீர் குடித்துக்கொண்டே நம் வீட்டுக் கதையைக் கேட்பார்கள். போன மாதம் பேசும்போது நான் இரண்டு தடவை இருமினேன். மறுநாள் காலையில் கடைவீதியில் மூன்று பெண்கள் என்னிடம் சளி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். காகிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. உங்கள் சித்தப்பா மகன் சஃபர் அவன் அப்பாவின் நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து திங்கட்கிழமை மாஸ்கோ திரும்புகிறான். அவன் பையில் உலர்ந்த ஆப்ரிகாட்டுக்கும் மல்பெரி மாவுக்கும் நடுவில் இதை வைத்துத் தைத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் வாய்க்காலுக்கு நான் மூன்று வருடமாக மிரோப். எந்த வீட்டுக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை பிரிப்பதும், மதகைத் திறந்து மூடுவதும், தண்ணீருக்காக அடித்துக்கொள்பவர்களைப் பிரித்துவிடுவதும் என் வேலை. ஏப்ரல் இருபத்தோராம் தேதி நீங்கள் முப்பத்தொரு ஆண்கள் உங்கள் போன் குழுவில் கூடி, என்னை எடுத்துவிட்டு மிர்சோகரீமை மிரோப்பாக்கிவிட்டீர்கள். அந்த மிர்சோகரீம் எங்கே இருக்கிறார்? யெகாத்தரின்பர்கில் டாக்சி ஓட்டுகிறார்! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு அவர் எங்களுக்கு மடை திறந்துவிடுவாராம். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஒரு தட்டை உடைத்தேன். நீங்கள் வாங்கி அனுப்பிய நீலப்பூ தட்டு.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் குழுவில் பெண்கள் கிடையாது, சரி. ஆனால் மிர்சோகரீம் புதுப் போன் வாங்கியபோது பழையதை வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அவர் மனைவி ஓய்ஜமோல் அதில்தான் ரொட்டி வெந்ததா என்று நேரம் பார்க்கிறாள். அந்தப் போனில் குழுவிலிருந்து வெளியேற அவர் மறந்துவிட்டார். அன்றைக்கு ஓய்ஜமோல் மாவுக் கையோடு ஓடிவந்து, 'அக்கா, எம் புருஷன் மிரோப் ஆயிட்டாராம். வூட்டுக் குழாய மூடத் தெரியாது அந்த மனுஷனுக்கு' என்று என் முன்னால் போனை நீட்டினாள்.

'மிர்சோகரீம் மிரோப்பாக இருக்க யாருக்குச் சம்மதம்' என்று கேள்வி. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஏழாவது கட்டைவிரல் உங்களுடையது. பக்கத்தில் உங்கள் படம், சாம்பல் நிறத் தொப்பியோடு. அந்தப் படத்தை எடுத்தது நான்தான், நீங்கள் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில். அன்று மாலை நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். கன்றுக்குட்டி புல் தின்கிறதா என்று கேட்டீர்கள். புது வீட்டுச் சுவர் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கேட்டீர்கள். விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்வேனா என்று காத்திருந்தீர்களோ என்னவோ. கன்றுக்குட்டி நன்றாகத் தின்கிறது என்றேன்.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் அந்தப் போட்டோவால் வந்தது.

மார்ச் மாதம் ஒரு வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள் என்று சொன்னேன் அல்லவா, தொப்பியும் பேனாவும் கொடுத்தாள் என்று? நல்ல பெண்தான், சிரித்த முகம். என்னை மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். என் மண்வெட்டியில் சேறாக இருக்கிறது என்று, வண்டியிலிருந்து ஒரு புது மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். உங்கள் பழைய ரப்பர் பூட்ஸ். நீங்கள் போன நாளிலிருந்து அதைத்தான் உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறேன். ஆம்பிளை பூட்ஸ் படத்தில் பெரிதாகத் தெரிகிறது, கழற்றிவிடுங்கள் என்றாள். பனி உருகி வரும் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றேன். சிரிக்கச் சொன்னாள். கால் மரத்துப்போய் நான் பல்லைக் கடித்தது படத்தில் சிரிப்பு மாதிரி விழுந்துவிட்டது. அதற்குக் கீழே 'பெண் தலைவர்' என்று எழுதி உலகத்துக்கே அனுப்பிவிட்டாள். நான் எந்தத் தலைவரும் ஆகவில்லை. பழைய மிரோப் ஹைதர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உங்களைப் போலவே ரஷ்யாவுக்குப் பஸ் ஏறினார், அதனால் அது என் கைக்கு வந்தது. இதை அவள் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அந்தப் படம் சுற்றிச் சுற்றி உங்கள் கட்டட வேலை இடத்துக்கும் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் எல்லார் முன்னாலும் உங்களிடம், 'ஏன்டா நுஸ்ரதுல்லோ, மாஸ்கோவுல ஏழு வருஷம் சம்பாதிச்சும் பொண்டாட்டிக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுக்கலியா? உங்க ஊருல தண்ணி திறக்க ஒரு ஆம்பளகூட இல்லியா?' என்று கேட்டானாம். சஃபர் சொன்னான். நீங்கள் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள் என்றும் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு வலித்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? 'ஆமாம்டா, ஒரு ஆம்பளகூட இல்ல, எல்லாரும் இங்கதானே சிமென்ட் மூட்ட தூக்குறோம்' என்று சொல்லியிருக்கலாமே! அதுதானே உண்மை. அதை விட்டுவிட்டு, உங்களுக்கு வந்த வெட்கத்தை வாய்க்கால் வழியாக என் வயலுக்குத் திருப்பிவிட்டீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மலையிலிருந்து மண்வெள்ளம் வந்து பழைய வாய்க்காலைப் பாறையால் மூடியதை மறந்துவிட்டீர்களா? வசந்தகாலத்தில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது நம் ஊர் ஹஷார். அதற்குக் கூலி கிடையாது, வராமலிருக்கவும் முடியாது. அந்த வருடம் நீங்கள் எல்லோரும் ஆளுக்குப் பதிலாகப் பணம் அனுப்பினீர்கள். அந்தப் பணத்தில் மண் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்தது. ஒரு நாள் ஓடியது, ஒரு பல் உடைந்தது, திரும்பிப் போய்விட்டது. கல்லறை மேட்டைச் சுற்றிப் புது வாய்க்காலை நாங்கள்தான் வெட்டினோம். பத்தொன்பது நாள். அறுபத்திரண்டு வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார், கால் ஊனமான கடைக்காரர், அவ்வளவுதான். பணம் மண்ணை அள்ளாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புது வாய்க்காலில் எந்த இடத்தில் கரை இளகும், எந்த மடையில் எலி வளை தோண்டும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர எத்தனை நிமிடம் என்பதெல்லாம் என் உள்ளங்காலுக்குத் தெரியும். மிர்சோகரீம் அந்த வாய்க்காலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் ஊர் வந்து ஐந்து வருடமாகிறது.

வட்டார அலுவலகத் தலைவரிடம் போனேன். அவருக்கு ஊர்ச் சண்டையில் தலைகொடுக்கப் பயம். 'இங்க பாரும்மா, மிரோப் பேர எழுத வீட்டுத் தலைவருங்க ஒப்புதல் வேணும். உன் வீட்டுத் தலைவரே அந்தப் பக்கம் விரல வெச்சிருக்காரு. நான் என்னத்த எழுத?' என்றார். மே கடைசி வரை காத்திருப்பாராம். அதற்குள் நீங்கள் ஒரு வார்த்தை எனக்காகச் சொன்னால் என் பெயரை எழுதுகிறாராம். இல்லாவிட்டால் மிர்சோகரீமின் பெயர்.

மிர்சோகரீமின் முதல் உத்தரவும் வந்துவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை அவர் போட்ட முறைப்படி முதல் தண்ணீர். மதகைத் திருகித் திறக்கும் சக்கரத்தை அவர் அப்பா ராஜப் மாமாவிடம் ஒப்படைக்க வேண்டுமாம். நான் தரவில்லை. மாமா வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். உங்கள் அம்மா சக்கரத்தை மாவுப் பெட்டிக்குள் போட்டு, பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, 'வேணும்னா என்னயும் சேத்துத் தூக்கிட்டுப் போ, ராஜப்' என்றார்கள். உங்கள் அம்மாவும் நானும் பதினாறு வருடத்தில் ஒரே பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை.

இத்துடன் முடித்துப் பையில் வைத்துத் தைக்கிறேன்.


மே 14, வியாழன்.

பையைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். சஃபரின் விமானம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. அதுவும் நல்லதுதான், ஏனென்றால் நடந்ததை நீங்கள் குழுவில் படித்த விதம் வேறு, நடந்த விதம் வேறு.

ஞாயிறு காலையில் ராஜப் மாமா மகனுக்குப் போன் செய்து, சக்கரம் கிடைக்கவில்லை என்றிருக்கிறார். மிர்சோகரீம் வண்டி ஓட்டிக்கொண்டே, 'அவ மதகு யாருக்கு வேணும்? வில்லோ மரத்தடி பழைய மதகு இருக்குல்ல, அதுக்குச் சக்கரம் எதுக்கு? பலகய உருவிவுடுங்க. நான் சின்ன வயசுல நூறு வாட்டி உருவியிருக்கேன்' என்று சொல்லியிருக்கிறார். மண்வெள்ளத்துக்கு முன்னால் என்றால் அது சரி. அவர் மனதில் இன்னும் பழைய ஊர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வாய்க்கால் நூறு அடிக்கு அப்புறம் பாறையால் அடைந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். ஆனால் மகன் சொன்னால் மாமாவுக்குக் கண் தெரியாது. பணம் அனுப்புகிற மகன் அல்லவா?

மூன்று பலகையையும் உருவினார். பனித் தண்ணீர் முழு வேகத்தில் வந்து, பாறையில் முட்டி, வலது பக்கம் கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. வலது பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் புது வீடு.

இதை உங்களிடம் மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தெற்குச் சுவர் முழுவதும் போய்விட்டது. கிழக்குச் சுவரில் பாதி போய்விட்டது. சுடாத மண்கல் அல்லவா, அடியில் தண்ணீர் பட்டதும் அப்படியே குழைந்து உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட வரவில்லை. ஃபரங்கிஸ் அந்த நேரத்தில் உள்ளேதான் இருந்தாள், கன்றுக்குட்டியைக் கட்டப் போயிருந்தாள். கன்றைத் தள்ளிக்கொண்டு முழங்கால் சேற்றில் வெளியே வந்தாள். அவள் வந்து சில நிமிடம் கழித்துத்தான் சுவர் விழுந்தது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்லக் கூடாதென்று ராஜப் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்வேன் மாமா, என் புருஷனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன் என்றேன்.

சக்கரத்தைக் கொடுத்திருந்தால் மாமா பழைய மதகுப் பக்கம் போயிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியாமலில்லை. நான்கு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் பிடிவாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை நான் சுமக்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் சுமப்பீர்களா?

பலகை உருவியதை முதலில் பார்த்தது ஓய்ஜமோல். அவள் போட்ட கூச்சலில் ஊரே மண்வெட்டியோடு ஓடிவந்தது. கோதுமைச் சாக்கில் மண்ணும் கல்லும் அடைத்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்று அடைத்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. உங்கள் வலது பூட்ஸ் கல்லில் மாட்டி, கணுக்காலிலிருந்து கிழிந்துவிட்டது. வெளியே வந்ததும் உங்கள் அம்மா மாவுப் பெட்டியிலிருந்து சக்கரத்தை எடுத்துவந்து, மாவைக்கூடத் துடைக்காமல் என் கையில் கொடுத்தார்கள். நேராகப் போய்ப் புது மதகைத் திறந்தேன். கடைமடையிலிருந்து தொடங்கினேன், அங்கேதான் உருளைக்கிழங்கு வாடிக்கொண்டிருந்தது. ராஜப் மாமா வீட்டுக்கும் அவர் முறை வந்தபோது ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் விட்டேன். நம் வீட்டு முறை கடைசி. மிரோப்பின் வீட்டுக்குக் கடைசியில்தான் தண்ணீர் என்பது வழக்கம். ஹைதர்கூட அதை மீறியதில்லை.

அன்று மாலை உங்கள் குழுவில் என்ன நடந்தது என்று பார்த்தேன். மிர்சோகரீம், 'அங்கே இருப்பவர்களின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார். அங்கே இருப்பவர்கள்! இருபது பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். ஒருவர், நுஸ்ரதுல்லோவின் சுவருக்காக எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடலாம் என்று எழுத, அதற்கும் கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். யாருக்கும் ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. ஓய்ஜமோலுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பழைய போனிலேயே, புருஷன் பெயரில் இருக்கிற கணக்கிலேயே பேசி அனுப்பிவிட்டாள்: 'ஏங்க, நான் உங்க வூட்டுக்காரிதான் பேசுறேன். நீங்க அங்க ஒழுங்கா டாக்சி ஓட்டுங்க, தண்ணிய நாங்க பாத்துக்கறோம். மிரோப் வேல வேணும்னா நாளைக்கே டிக்கெட் போட்டு வாங்க, மண்வெட்டி கழுவி வெச்சிருக்கேன்.' முப்பத்தொரு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் போனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி எங்களுக்கு அங்கே கண் கிடையாது.

ஆகவே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று இனி எனக்குத் தெரியாது. நீங்களாகச் சொன்னால்தான் தெரியும்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். சுவருக்குப் பணம் வேண்டாம், சுவர் அப்படியே கிடக்கட்டும். அந்த விரலை எடுத்துவிட்டு, அலுவலகத் தலைவருக்குப் போன் செய்து, என் வீட்டிலிருந்து மிரோப் என் மனைவி என்று சொல்லுங்கள். அறையில் பத்துப் பேர் இருக்கும்போதே சொல்லுங்கள், ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் கோதுமைக்கும் நான்தான் தண்ணீர் விடுகிறேன்.

நீங்கள் சொல்லாவிட்டால், ஜூன் முதல் தேதி சக்கரத்தை ராஜப் மாமா வாசலில் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு இந்த நிலத்தில் எனக்கு என்ன வேலை? ஓய்ஜமோலின் தங்கை மாஸ்கோவில் அலுவலகம் கூட்டுகிறாள். ஃபரங்கிஸை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் வந்துவிடுகிறேன். அப்புறம் குழுவில் நாம் இருவரும் சேர்ந்தே விரல் காட்டலாம். இது மிரட்டல் இல்லை. மிரட்டலாக இருந்தால் இவ்வளவு அழுதுகொண்டு எழுத மாட்டேன்.

இப்போது அந்த வரிகளைக் கேட்டுவிடுகிறேன். நலமா? முதுகு வலி எப்படி இருக்கிறது? கனமானதைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். யாராவது ஏதாவது சொன்னால் பட்டினி கிடக்காதீர்கள். ஆப்ரிகாட் நம் மரத்துடையது, மல்பெரி மாவு அம்மா இடித்தது. ஃபரங்கிஸ் சலாம் சொல்கிறாள். கன்றுக்குட்டி உண்மையாகவே நன்றாகத் தின்கிறது.

ஷாலும் சென்ட்டும் இனி அனுப்ப வேண்டாம். பெட்டியில் இடமில்லை. அனுப்புவதென்றால் ரப்பர் பூட்ஸ் அனுப்புங்கள், பெண்கள் போடுவது. என் அளவு முப்பத்தேழு. ஏழு வருடமாக நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். கூடவே நாற்பத்துமூன்றிலும் ஒரு ஜோடி வாங்கி, அதை மட்டும் அனுப்பாமல் நீங்களே கையில் எடுத்து வாருங்கள். இங்கே நீங்கள் விட்டுப்போனது கிழிந்துவிட்டது. தண்ணீர் இன்னும் ரொம்பக் குளிராக இருக்கிறது.

உங்களைக் கையும் காலும் குறையில்லாமல் ஆண்டவன் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
சோர்பேத் ஊரின் மிரோப்,
ஜுல்ஹுமோர்.